பெண்கள் கேட்டில் சோதனை பார்த்தவள்

எனக்கு எழுத்து சுத்தமாக வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பேச்சைத் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்திருப்பேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதாம் வருஷத்துக்கு முன்னேயோ பின்னேயோ, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பெண்கள் கேட்டில் சோதனை பார்க்கிற வேலையில் இருந்தேன். இப்போது செக்யூரிட்டி என்கிறார்கள். உடுப்புக் கொடுக்கிறார்கள், தொப்பி கொடுக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது. என் சேலைதான் உடுப்பு. ஒரு முக்காலி, ஒரு கொத்துச் சாவி, தென்னங்கீற்றில் பின்னிய ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் நானும், வேலை முடிந்து வெளியே போகிற பெண்களும்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். பிசிறு வெட்டவும் மடிக்கவும் பெட்டியில் அடுக்கவும் பெண்களை வேலைக்குச் சேர்க்கத் தொடங்கியபோது, போகும்போது அவர்களை யார் சோதிப்பது என்ற கேள்வி வந்தது. ஆண் தொட முடியாது. "உன்ற சம்சாரத்தை வரச் சொல்லு" என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார். நான் கடையில் போய் உப்பு வேண்டும் என்று கேட்கவே கூசுகிறவள். என்னைக் கொண்டுபோய் ஊரார் உடம்பைத் தடவிப் பார்க்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

காலையில் நான் உள்ளே போகும்போது அவர் வெளியே வருவார். பொழுதோடு நான் வெளியே வரும்போது அவர் உள்ளே போவார். சாவிக்கொத்து கைமாறும்.

"புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாங்களா?" என்பேன்.

"வந்தாச்சு" என்பார்.

அன்றைக்கு எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான். இரண்டு பெண் குழந்தைகள் எங்களுக்கு. எத்தனையோ வருஷம் அந்தக் கேட்டில் வைத்துத்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம்.

வேலை என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். பகலெல்லாம் கேட்டைத் திறப்பது, மூடுவது, சாயப்பட்டறை வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பது. சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் வரிசையாக வருவார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருத்தியாகத் தட்டிக்குள் வர வேண்டும். முதலில் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து பார்ப்பேன். பிறகு கொண்டை. பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்லி அக்குளுக்குக் கீழே, முதுகு, இடுப்பு, மடி. கடைசியில் சேலைக் கொசுவத்தை ஒரு தட்டு. நாற்பது தடவை எழுந்து நாற்பது தடவை குனிந்தால் இடுப்பு கழன்றுவிடும். அவர்கள் மேலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சு என் கையில், பிறகு என் கண் இமையில், பிறகு என் வீட்டுச் சோற்றில்.

நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். குனிந்தே இருப்பதால் கால்களைத்தான் பார்ப்பேன். பித்தவெடிப்புக் கால், மிஞ்சி தேய்ந்த கால், செருப்பில்லாத கால். காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். முகம் பார்க்காததால் எனக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பட்டப்பெயர் "தடவறக்கா".

"தடவறக்கா வர்றாங்க, மடியக் கெட்டியாப் புடிச்சுக்கங்கடி" என்று வரிசையில் எவளாவது கிளப்பிவிடுவாள்.

பெட்டி அடுக்குகிற ஒருத்தி இருந்தாள். அங்கே வேலை செய்தவர்களிலேயே மூத்தவள், வாயும் பெரிசு. "அக்கா, சித்தெ மெதுவாத் தடவுங்க. எங்கூட்டுக்காரன்கூட இத்தனை அக்கறையாத் தொட்டதில்லை" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சுட்டுப்போகும். அடுத்த ஆள் என்பதைத் தவிர நான் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் என் கைகளுக்கு எல்லாம் தெரிந்தது. இதை நான் அந்தக் காலத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எவளுக்கு எத்தனை மாதம் என்று அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். எவள் முதுகில் வீக்கம் இருக்கிறது, எவளுக்குக் காய்ச்சல், எவள் போன வாரத்தைவிட இளைத்துவிட்டாள் என்று விரல் சொல்லிவிடும். விரல் சொன்னதை நான் வெளியே விட்டதில்லை. திருட்டைப் பிடிக்கத்தான் சம்பளம், மற்றதற்கு இல்லை.

இன்னொரு வழக்கம் எங்களுக்குள் இருந்தது. கட்டிங் மேசையில் விழுகிற வேஸ்ட் துணியில் ஒரு பிடி அள்ளி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். மாதா மாதம் பெண்களுக்கு அது தேவை. பழைய சேலை கிழிக்க எல்லார் வீட்டிலும் பழைய சேலை இருக்காது, கட்டியிருப்பதே பழசுதானே. பனியன் துணி மெத்தென்று இருக்கும். கைக்கு அடங்குகிற ஒரு பிடியாக இருந்து, தையல் விழாத துண்டாக இருந்தால் என் கை அதைத் தாண்டிப் போய்விடும். தையல் விழுந்தது என்றால் அது பனியன், விடமாட்டேன். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை இது. நானும் அவர்களும் வாய் திறக்காமலே வந்த சட்டம்.

அந்த வருஷம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இருபது வயதிருக்கும். மடிப்பு வேலை. புருஷன் சாயப்பட்டறையில் இருந்து மார்ச்சளி பிடித்துப் படுத்துவிட்டான் என்று சொன்னார்கள். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேர நடை. கம்பெனியில் ஆள் எடுக்கும்போது கட்டிங் மேஸ்திரி எல்லாப் பெண்களிடமும் ஒரு கேள்வி கேட்பார். "கைப்புள்ள இருக்குதா?" இருக்கிறது என்றால் எடுக்க மாட்டார்கள். முன்னால் ஒருத்தி மத்தியானம் பால் கொடுக்கப் போனவள் திரும்பாமல், வேலை நின்று போயிற்றாம். அதிலிருந்து அந்தக் கேள்வி. இந்தப் பெண் இல்லை என்று சொல்லிச் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்த அன்றைக்கே என் கைக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவள் மார்பு கல் மாதிரி இருந்தது. கை பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் இரண்டு பெற்றவள், அந்த வலி எனக்குத் தெரியும். ரவிக்கைக்குள் வேஸ்ட் துணி வைத்திருந்தாள், பால் கசிந்து வெளியே தெரியாமல் இருக்க. துணி நனைந்து ஊறிப்போயிருந்தது. வெள்ளைப் பனியனைப் பகலெல்லாம் மார்போடு அணைத்து மடிக்கிற வேலை. ஒரு சொட்டுப் பட்டால் கறை, கறை பட்டால் கேள்வி, கேள்வி வந்தால் வேலை போய்விடும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த ஆளு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நகராமல் நின்றாள். பிறகு போய்விட்டாள். அதிலிருந்து தினமும் இப்படியே. அவள் வருவாள், கையைத் தூக்குவாள், என் கை அங்கே படாமல் பட்டுவிட்டுப் போகும். ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும்.

அப்போது முடிந்த பனியன் ஒரு கட்டு காணாமல் போனது. எங்கே போனதென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பழி கேட்டுக்கு வந்தது. "தொட்டுப் பார்க்கறீங்களா, சும்மா கும்புட்டு அனுப்பறீங்களா?" என்று மேஸ்திரி என் முக்காலிக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். அதிலிருந்து சாயங்காலம் தட்டிக்கு வெளியே அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவர் பார்க்க முடியாது, அதனால் ஒரு ஏற்பாடு. துணியில் தையல் கையில் பட்டால் நான் "தையல்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் வெளியிலிருந்து கேட்டுக்கொள்வார். சத்தமாகப் பேசு என்று என்னிடம் சொன்னதே அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. மூத்தவள் வேண்டுமென்றே தன் ரவிக்கைத் தையலைக் காட்டி, "அக்கா, இதுவுந் தையலுதானுங்க, கத்துங்க பார்க்கலாம்" என்று வம்பு பண்ணினாள். வெளியே மேஸ்திரி இருமினார்.

பிறகு அந்தச் சாயங்காலம். சங்கு ஊதியாயிற்று. எனக்குக் காலையிலிருந்தே தலைவலி, வெயில் அப்படி. இருபது முப்பது பேர் போன பிறகு அந்தப் பெண் வந்தாள். வெறும் கால், பெருவிரலில் ஒரு காயக்கட்டு. கையைத் தூக்கினாள். என் கை பழக்கத்தில் போனது. விரலில் வரிசையாக ஒரு தையல் இடறியது. என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது.

"தையல்."

வெளியே நாற்காலி நகர்ந்தது. "யாரு? என்னது? எடுத்து வெளிய நீட்டுங்க."

அவள் தானே ரவிக்கைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினாள். பனியன் இல்லை. வேஸ்ட் துண்டுகளை இரண்டு மடிப்பாக வைத்து வட்டமாக வெட்டி, ஓரம் தைத்திருந்தாள். சும்மா வைத்தால் வேலை செய்யும்போது துணி நழுவிக் கீழே இறங்கிவிடுகிறது, அதனால் தைத்துக்கொண்டாள். டேமேஜ் தைக்கிற கால் மெசின் ஒன்று மூலையில் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதில் போய் மிதித்திருக்கிறாள். என் சட்டம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. துணி நனைந்து கனத்திருந்தது. பால் வாசம் தட்டிக்குள் நிறைந்துவிட்டது.

"ஏனம்மிணி, காது கேக்கலீங்களா? என்ன எடுத்தா அவ?" மேஸ்திரி தட்டியைத் தட்டினார்.

நான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம். அழவில்லை. "அக்கா" என்று உதடு மட்டும் அசைந்தது.

பால் துணி என்று சொன்னால் கைப்பிள்ளை இருப்பது தெரிந்துவிடும், வேலை போய்விடும். சொல்லாமல் நின்றால் திருடி. திருடி என்று பெயர் வந்தால் திருப்பூரில் எந்தக் கம்பெனிப் படியும் ஏற முடியாது. படுத்துக் கிடக்கிற புருஷன், மாமியார், குழந்தை என்று மூன்று பேர் இவள் கையை எதிர்பார்த்து இருக்கிறார்கள். இதையெல்லாம் நான் அப்போது வரிசையாக யோசித்ததாகச் சொல்லமாட்டேன். கடைசியில் ஒரு சத்தம் வந்தது.

"அது வந்துங்க... தூரத் துணிங்க. வீட்டுக்குத் தூரம்ங்க."

வெளியே நாற்காலி தடாலென்று பின்னால் போயிற்று. "கெரகம்! அதையெல்லாம் எதுக்கு வாய்ல சொல்லிக்கிட்டு! போகச் சொல்லுங்க, போகச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் துணியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் மீதி ஆட்களைச் சரியாகத் தொடவே இல்லை. அன்றைக்கு எவளாவது ஒரு கட்டுப் பனியனைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருந்தாலும் விட்டிருப்பேன்.

ஆள் தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டு விட்டார்.

அவர் நல்ல பக்தி உள்ளவர். பெட்டி அடுக்குகிற அறையில் முருகன் படம் இருக்கும். தினமும் காலையில் முடிந்த முதல் கட்டைப் படத்தின் முன்னால் வைத்துச் சூடம் காட்டிய பிறகுதான் மற்ற வேலை. மேஸ்திரி போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினோம்.

"ஏனம்மிணி... அந்த மாதிரி நாள்லயும் புள்ளைக உள்ளதான் வருதுங்களா?"

நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சாமி இருக்கற எடம். தெரியாம இருந்தவரைக்கும் செரி. தெரிஞ்சு போச்சில்லீங்க. அந்த மூணு நாளு வெளிய சைக்கிள் செட்டுல ஒக்காந்து பிசிறு வெட்டட்டும். நீங்களே காலைல கேட்டுலயே கேட்டு ஒதுக்கி விட்டுருங்க. ஆம்பளைக நாங்க எப்படிக் கேக்கறது?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேற்று நான் சொன்னது தப்பு, அது வேறு துணி என்று. சொன்னால் என்ன துணி என்பார். "செரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு பெண்ணுக்காகச் சொன்ன பொய், நாற்பது பேர் தலையில் விடிந்தது. சைக்கிள் செட் என்பது தகரக்கூரை. பத்து மணிக்கெல்லாம் கொதிக்கும். சைக்கிள் நிறுத்த வருகிற டெய்லர்கள், கட்டிங்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். இன்றைக்கு யார் என்று. ஒருத்தன் தினமும் மணியடித்துக்கொண்டே போவான். வேஸ்ட் துணிக்கும் தடை வந்துவிட்டது. வெட்டி விழுந்ததும் மூட்டையில் போட்டுத் தைத்துவிட்டார்கள்.

காலையில் ஒவ்வொருத்தியிடமும் நான் கேட்க வேண்டும். சத்தமாகக் கேட்க எனக்கு வாய் வராது. மெதுவாகக் கேட்டால், "என்னதுங்க, காதுல விழலீங்க" என்று வேண்டுமென்றே திரும்பக் கேட்பார்கள். நான் கேட்பதை விட்டுவிட்டேன். சும்மா நின்றேன். அவர்களாகப் பார்த்து, யார் போக வேண்டுமோ அவர்கள் என்னைத் தாண்டித் தகரக்கூரைப் பக்கம் போனார்கள். போகும்போது அவர்கள் கால் மண்ணை உதைத்துக்கொண்டு போகும். சாயங்காலம் சோதிக்கும்போது உடம்பைக் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வார்கள். வம்பு, சிரிப்பு எல்லாம் நின்றுவிட்டது. கோயிலில் பார்த்தால்கூட ஒதுங்கிப் போனார்கள். தடவறக்கா என்று கிண்டல் பண்ணிய நாட்களே பரவாயில்லை என்று இருந்தது.

மூத்தவள் ஒரு நாள் தட்டிக்குள் வந்து கையைத் தூக்காமல் நின்றாள்.

"எனக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க. ஊமையாட்டம் இருந்த நீங்க அன்னைக்கு மட்டும் எதுக்கு வாயத் தொறந்தீங்க? எவளோ ஒருத்தி தப்பிக்க, நாங்க ஒட்டுக்கா வெயில்ல வேகறம்."

"கையத் தூக்கு" என்றேன்.

"நெஞ்சுல ஈரமே இல்லீங்களா உங்களுக்கு?"

"கையத் தூக்கு கண்ணு" என்றேன். என்னைவிட அவள் பெரியவள். கண்ணு என்று ஏன் சொன்னேனோ. அவளும் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

உடுமலைப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். கேட்டில் நானும் அவளும்தான்.

"அக்கா, நா போயி மொதலாளிகிட்டச் சொல்லிர்றனுங்க. என்னாலதான இத்தனை பேரு..."

"சொன்னா?"

"வேலை போயிருங்க."

"அப்பறம்?"

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயி வேலையப் பாரு போ" என்றேன். கோபமாகச் சொன்னேனா, எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. களைப்பில் எல்லாப் பேச்சும் கோபம் மாதிரித்தான் வெளியே வரும்.

அவளுக்கு இன்னொரு இக்கட்டு இருந்தது. பால் கொடுக்கிற உடம்புக்கு அந்த மூன்று நாள் வரவே இல்லை. மாதம் முடிந்து அடுத்த மாதமும் பாதி ஆனது. மற்றவர்கள் ஒவ்வொருத்தியும் தகரக்கூரைக்குப் போய் வந்தாயிற்று, இவள் போகவில்லை. பெண்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரியும் ஒரு நாள், "அந்த உடுமலைப் புள்ள மட்டும் சாமி கொடுத்த புள்ளையா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த நாள் அவள் என்னிடம் எதுவும் கேட்காமல் நேராகத் தகரக்கூரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இல்லாத ஒன்றுக்காக மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தாள்.

அங்கேதான் வெளியே வந்துவிட்டது. உள்ளே என்றால் மெசின் சத்தம், சாய வாசம், கூட்டம். கூரைக்கடியில் நாலைந்து பேர் முட்டிக்கு முட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த முறை மூத்தவளும் அங்கே இருந்தாள். வெயில் ஏற ஏற இவளுக்குப் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானை வரை ஈரம் வந்துவிட்டது. நான் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். குனிந்து இவளை முகர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவள் வாய்க்கு ஒரு சொல் போதும். மணியடிக்கிறவன் காதில் விழுந்தால் மேஸ்திரி காதில் விழுந்த மாதிரி.

மூத்தவள் எழுந்தாள். தன் சேலையின் உள்தலைப்பைப் பல்லால் கடித்துச் சரசரவென்று ஒரு முழம் கிழித்தாள். இவளிடம் கொடுத்துவிட்டு, இவளுக்கு முன்னால் மறைப்பாக நின்றுகொண்டாள். சைக்கிளோடு வந்த அந்த மணியடிக்கிறவனைப் பார்த்து, "என்றா பார்வை? உன்ற அம்மா தங்கச்சியெல்லாம் ஊட்டுல இல்லியா? போடா அக்கட்டால" என்று அவள் போட்ட சத்தம் கேட்டில் நின்ற எனக்கே உதறியது. அவன் மணியடிப்பது அன்றோடு நின்றது.

சாயங்காலம் மூத்தவள் தட்டிக்குள் வந்தாள். வெளியே நாற்காலியில் மேஸ்திரி இருந்தார். மெதுவாக, "இதுக்குத்தானுங்களா அக்கா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நான் சொல்வதற்கு முன்னால் அவள் கையைத் தூக்கினாள்.

மற்றவர்களுக்கு அவள் சொன்னாளா, அவர்களாகத் தெரிந்துகொண்டார்களா, எனக்குத் தெரியாது. நாற்பது பேருக்குத் தெரிந்தது. ஒரு ஆண் காதுக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது இவளைச் சுற்றி நாலு பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள், இவள் மறைவில் பாலைப் பீய்ச்சிவிடட்டும் என்று. அந்தப் பாலை மண்ணில்தான் விட வேண்டியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்கு மாமியார் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தகரக்கூரைச் சட்டம் எப்படிப் போனது என்று கேட்டால், யாரும் எடுத்துவிடவில்லை. தீபாவளிச் சரக்கு நெருங்கியது. ஒரு காலையில் லாரி வந்து நிற்கிறது, பெட்டி அடுக்க ஆள் போதவில்லை. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, "எல்லாரும் உள்ள வாங்க, உள்ள வாங்க, லாரிக்காரன் கத்தறான்" என்றார். "நாங்க எப்படீங்க உள்ள வர்றது, சாமி இருக்குதுங்களே" என்று மூத்தவள் கத்தரிக்கோலைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "சாமிக்குஞ் சரக்குப் போகோணுமில்ல, எந்திரிங்க" என்றார் அவர். அன்றைக்கு உள்ளே போனவர்கள் பிறகு வெளியே உட்காரவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. வேஸ்ட் துணி மட்டும் மூட்டையில்தான் போயிற்று. அதைத் திரும்ப வாங்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

தீபாவளி போய் மார்கழிக் குளிர் தொடங்கிய பிறகு இருக்கும். சாயங்காலம் அந்தப் பெண் தட்டிக்குள் வந்து கையைத் தூக்கினாள். என் கை போயிற்று. துணி இல்லை. ஈரம் இல்லை. காய்ந்து கிடந்தது. மார்பு தளர்ந்து, வற்றிப்போயிருந்தது.

நான் யாரிடமும் கேள்வி கேட்காதவள். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"துணி வெக்கலியா?"

"வேண்டாங்க்கா. நின்னு போச்சுங்க."

"புள்ள?"

"பாலாடைல ஊத்துனா மாட்டுப்பால் குடிச்சுக்குதுங்க. முன்னாட்ட என்னைப் பார்த்ததும் அழுகறதில்லீங்க. மாமியாகிட்டயே இருந்துக்குது." தூக்கிய கையை இறக்காமலே, "இனி ஒண்ணும் பயமில்லீங்க்கா. வேலைக்கு எதும் வராது" என்றாள். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு நன்றி சொல்கிறாள் என்று புரிந்தது. நான் என் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். வெளியே மேஸ்திரி, "என்ன, தையலா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணும் இல்லீங்க. அடுத்த ஆளு."

அவள் அந்தக் கம்பெனியில் நிலையாக இருந்துவிட்டாள். பிறகு பல வருஷம் தினமும் என் கை வழியாகத்தான் வெளியே போனாள். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்த நாளெல்லாம் அந்தக் காய்ந்த ரவிக்கையும் கூட வரும். இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் எழுதியதில் பிசகு இருக்கும். தகரக்கூரையில் உட்கார வைத்தது மூன்று மாதமா நாலு மாதமா, லாரி வந்தது தீபாவளிச் சரக்குக்குத்தானா பொங்கலுக்கா, அந்தப் பெண் உடுமலையா பல்லடத்துப் பக்கமா என்பதெல்லாம் எனக்கு இப்போது உறுதியில்லை. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை. அங்கே மடிப்பிலும் பெட்டியிலும் வேலை செய்த பெண்களில் இரண்டு பேராவது இன்னும் இருப்பார்கள். யாராவது அவர்களைத் தேடிப் பார்த்துக் கேட்டு, நான் தப்பாக எழுதியதைத் திருத்தி வைத்தால் புண்ணியமாக இருக்கும்.